சேகாவின் கன்சோல் வரிசை: முறிவு எங்கே நேர்ந்தது?

வரகு எழுப்பிய கேள்வி:

ஜப்பானின் சேகா நிறுவனம் வெளியிட்ட வீட்டுக் கன்சோல்களின், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் இயந்திரங்களின், வரலாற்றை அண்மைக்காலமாக ஊன்றிப் படித்து வருகிறேன். 1983-இல் ஜப்பானில் வந்த எஸ்ஜி-1000 தொடங்கி, ஜப்பானில் மார்க் 3 என்றும் பிற நாடுகளில் மாஸ்டர் சிஸ்டம் என்றும் விற்கப்பட்ட எட்டு பிட் இயந்திரம், பதினாறு பிட் மெகா டிரைவ், சாட்டர்ன், ட்ரீம்காஸ்ட் என்று நீளும் அந்த வரிசை 2001-இல் முற்றுப்பெற்றுவிடுகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நின்டெண்டோவையே பின்னுக்குத் தள்ளிய நிறுவனம், பத்தே ஆண்டுகளில் கன்சோல் தயாரிப்பை அடியோடு விட்டுவிட்டது எப்படி என்பது எனக்கு விளங்கவில்லை.

சோனியின் பிளேஸ்டேஷன் 2 வந்ததால்தான் ட்ரீம்காஸ்ட் வீழ்ந்தது என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால், உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா 2001 ஜனவரி 31 அன்று அறிவித்தபோது, பிளேஸ்டேஷன் 2 அமெரிக்கக் கடைகளுக்கு வந்து மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. மூன்றே மாதத்தில் ஒரு கன்சோல் வீழ்ந்திருக்குமானால் அதன் கால்கள் முன்பே தளர்ந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இன்னொரு ஐயமும் உண்டு. இந்த இயந்திரங்களுக்கிடையே தொழில்நுட்ப அடிப்படையில் உண்மையான உறவு இருந்ததா, அல்லது ஒரே நிறுவனத்தின் பெயரைத் தாங்கியவை என்பதற்கு மேல் எதுவும் இல்லையா? வன்பொருள் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்சுற்று அளித்த மறுமொழி:

வரகு அவர்களுக்கு வணக்கம். உங்கள் இரண்டாவது ஐயத்திற்கு முதலில் விடை சொல்கிறேன். முதல் கேள்விக்கான விடையில் ஒரு பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது.

எஸ்ஜி-1000 விற்பனைக்கு வந்தது 1983 ஜூலை 15 அன்று. நின்டெண்டோவின் ஃபேமிகாம் வந்ததும் அதே நாளில்தான். ஆனால் இரண்டும் உருவான விதம் வேறு. ஃபேமிகாமின் படச் சிப்பை நின்டெண்டோ தனக்கென்றே வடிவமைக்கச் செய்தது. சேகாவோ கடைச்சரக்காகக் கிடைத்த இசட்80 செயலியையும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் படச் சிப்பையும் வாங்கிப் பொருத்தியது. அமெரிக்காவின் கொலிகோவிஷனும் ஜப்பானின் எம்எஸ்எக்ஸ் கணினிகளும் ஏறத்தாழ இதே உறுப்புகளைக் கொண்டவை. திரையில் காட்சி வழுவழுப்பாக நகரும் வசதி அந்தச் சிப்பில் இல்லாததால், ஃபேமிகாமுக்கு அருகில் வைத்துப் பார்த்தபோது சேகாவின் இயந்திரம் பழையதாகத் தோன்றியது.

1985-இல் வந்த மார்க் 3-க்காக சேகா தன் சொந்தப் படச் சிப்பை உருவாக்கியது. டெக்சாஸ் சிப்பின் பழைய முறைகளைப் புதிய சிப்புக்குள் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் நகரும் காட்சியையும் கூடுதல் வண்ணங்களையும் சேர்த்தார்கள். அதனால் எஸ்ஜி-1000 கார்ட்ரிட்ஜ்கள் (கேம் அடங்கிய, செருகக்கூடிய பெட்டிகள்) மார்க் 3-இல் ஓடின. 1988 அக்டோபர் 29 அன்று ஜப்பானில் வந்த மெகா டிரைவிலும் இதே அணுகுமுறையைக் காணலாம். அதன் முதன்மைச் செயலி மோட்டரோலா 68000. இசட்80-ஐயும் விலக்கிவிடாமல் ஒலியைக் கவனிக்கும் துணைச் செயலியாக வைத்தார்கள். படச் சிப்பிலும் மாஸ்டர் சிஸ்டத்தின் காட்சிமுறை தங்கியிருந்தது. ஆகவே மாஸ்டர் சிஸ்டம் கார்ட்ரிட்ஜைச் செருகுவதற்கென்று சேகா விற்ற இணைப்பானுக்குள் பெரிய மின்சுற்று ஏதும் கிடையாது. கார்ட்ரிட்ஜின் வடிவத்தை மாற்றித் தருவதும், பழைய கன்சோலில் இருந்த இடைநிறுத்தப் பொத்தானைத் தருவதும்தான் அதன் வேலை. அது செருகப்பட்டதும் 68000 ஒதுங்கிக்கொள்ள, இசட்80 மீண்டும் முதன்மைச் செயலியாகிவிடும். ஆயினும் டெக்சாஸ் காலத்து முறைகள் மெகா டிரைவின் சிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், எஸ்ஜி-1000 கேம்கள் அதில் ஓடா. உறவு ஒரு தலைமுறை பின்னோக்கிச் சென்று அங்கேயே நின்றுவிடுகிறது.

கையடக்கமான கேம் கியரும் இதே கிளையைச் சேர்ந்ததுதான். 1990-இல் வந்த அது, உள்ளே ஏறத்தாழ மாஸ்டர் சிஸ்டமே. 4096 வண்ணங்களிலிருந்து தேர்ந்துகொள்ளும் வசதியை மட்டும் கூடுதலாகப் பெற்றிருந்தது. மாஸ்டர் சிஸ்டம் கேம்களை அதில் ஓட்டவும் இணைப்பான் இருந்தது.

இந்த இழை அறுந்த இடம் சாட்டர்ன். 1994-இல் வந்த அதன் இரண்டு முதன்மைச் செயலிகள் ஹிட்டாச்சியின் எஸ்எச்-2 வகையைச் சேர்ந்தவை. 68000 குடும்பத்துச் செயலி ஒன்று ஒலிக்காக உள்ளே இருந்தது உண்மைதான். ஆனால் மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜை ஏற்கும் ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. மேலே இருந்த கார்ட்ரிட்ஜ் வாயைக் கண்டு பழைய கேம்கள் ஓடும் என்று நம்பியவர்களும் இருந்திருக்கலாம். அது நினைவக விரிவாக்கம் போன்ற துணைக்கருவிகளுக்கானது. அடுத்து வந்த ட்ரீம்காஸ்டும் சாட்டர்ன் வட்டுகளை ஓட்டவில்லை.

ஆனால் கன்சோலிலிருந்து கன்சோலுக்கு மட்டும் கோடு வரைவதைவிட ஆர்கேட் பலகைகளிலிருந்து, அதாவது காசு போட்டு ஆடும் பொது விளையாட்டுக் கூடங்களின் இயந்திரங்களுக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைகளிலிருந்து, கோடு வரைந்தால் இந்தக் குடும்பம் தெளிவாகப் புலப்படும் என்பது என் கருத்து. மெகா டிரைவின் வடிவமைப்பு சிஸ்டம் 16 என்ற ஆர்கேட் பலகையை முன்மாதிரியாகக் கொண்டது. சாட்டர்னின் உறுப்புகளை வைத்து எஸ்டி-வி என்ற ஆர்கேட் பலகை செய்யப்பட்டது. ட்ரீம்காஸ்டும் நவோமி என்ற பலகையும் இரட்டைப் பிள்ளைகளைப் போன்றவை. நவோமிக்கு நினைவகம் அதிகம் என்பதே பெரிய வேறுபாடு. வீட்டுக் கன்சோலை ஆர்கேட் கூடத்தின் நீட்சியாகவே சேகாவின் பொறியாளர்கள் கண்டார்கள். எஸ்ஜி-1000 முதல் ட்ரீம்காஸ்ட் வரை எல்லாவற்றின் வன்பொருளிலும் பங்கேற்ற ஹிதேகி சாத்தோ, பின்னர் நிறுவனத்தின் தலைவராகவே ஆனார் என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

தென்திசை அளித்த மறுமொழி:

மின்சுற்று அவர்களின் விளக்கம் மிக அருமை. அவர் சொன்ன இழை அறுந்த அதே காலத்தில்தான் வணிகமும் சரியத் தொடங்கியது என்பதை நான் சேர்க்க விரும்புகிறேன். என் பார்வையில் சேகா கன்சோல்களின் முடிவு 2001-இல் எழுதப்பட்டதன்று. 1994 நவம்பருக்கும் 1995 மே மாதத்திற்கும் இடையே எழுதப்பட்டது.

மெகா டிரைவ் அமெரிக்காவில் ஜெனிசிஸ் என்ற பெயரில் 1989 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்தது. அப்போது நின்டெண்டோவுடன் ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனங்கள், தாம் நின்டெண்டோவுக்கு அளித்த கேமை இரண்டு ஆண்டுகளுக்கு வேறு கன்சோலில் வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. மாஸ்டர் சிஸ்டத்தை அமெரிக்காவில் நசுக்கியதும் அதுவே. முன்பு மேட்டல் பொம்மை நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியிருந்து, 1990-இல் சேகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைமையேற்க வந்த டாம் கலின்ஸ்கே, கன்சோலின் விலையைக் குறைப்பது, கன்சோலுடன் தரும் கேமை மாற்றி ‘சோனிக்’கை இணைத்துத் தருவது, அமெரிக்கர் விரும்பும் விளையாட்டுப் போட்டிக் கேம்களைப் பெருக்குவது என்று திட்டமிட்டார். தன் புதிய கேமை இலவசமாகக் கொடுப்பதா என்று ஜப்பானியத் தலைமையகத்தில் பலர் எதிர்த்தும், தலைவர் ஹயாவோ நாகயாமா அவருக்கு இடமளித்தார். 1991 ஜூனில் ‘சோனிக்’ வந்தது. சூப்பர் நின்டெண்டோ அமெரிக்காவில் இறங்கிய அந்த ஆண்டின் பண்டிகைக் காலத்தில் ஜெனிசிஸ் முந்தி நின்றது.

இதற்குப் பிறகுதான் இணைப்புக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. ஜப்பானில் 1991 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1992-லும் சிடி இணைப்பு வந்தது. அமெரிக்க விலை 299 டாலர், அதாவது கன்சோலைவிட அதிகம். 1994 நவம்பரில் 32எக்ஸ் என்ற இன்னோர் இணைப்பை ஏறத்தாழ 160 டாலருக்கு விற்றார்கள். அதே நவம்பரில், 22-ஆம் தேதி, ஜப்பானில் சாட்டர்ன் வெளிவந்துவிட்டது. 32எக்ஸ் வாங்கிய அமெரிக்கரின் நிலையை எண்ணிப் பாருங்கள்: அவர் பணம் கொடுத்த வேளையிலேயே அதற்கு மாற்றான இயந்திரம் கடல் கடந்து விற்றுக்கொண்டிருந்தது. சுமார் 40 கேம்களுடன் 32எக்ஸின் வாழ்வு முடிந்தது.

இரண்டாவது அடி 1995 மே 11 அன்று விழுந்தது. செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவுக்கு வரும் என்று சொல்லப்பட்டிருந்த சாட்டர்ன், குறிப்பிட்ட சில கடைகளில் ஏற்கெனவே கிடைக்கிறது, விலை 399 டாலர் என்று முதலாவது இ3 என்ற வீடியோ கேம் வணிகக் கண்காட்சியில் கலின்ஸ்கே அறிவித்தார். அதே நாளில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, 299 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். விலை வேறுபாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடைக்காரர்களின் சினம். தமக்குச் சரக்கு தராமல் போட்டிக் கடைகளுக்குத் தந்ததை அவர்கள் மறக்கவில்லை. கேபி டாய்ஸ் என்ற பெரிய பொம்மைக்கடைத் தொடர் சாட்டர்னை விற்கவே மறுத்தது. செப்டம்பரைக் கணக்கில் வைத்து கேம் எழுதிக்கொண்டிருந்த வெளி நிறுவனங்களின் கேம்களோ தயாராக இருக்கவில்லை. கன்சோலைக் கடையில் வைப்பவரையும், அதற்குக் கேம் எழுதுபவரையும், அதை வாங்குபவரையும் ஒரே ஆண்டுக்குள் புண்படுத்திய பிறகு, எவ்வளவு நல்ல சிப்பைச் செய்தாலும் நம்பிக்கை திரும்புவது கடினம்.

கீழ்வானம் அளித்த மறுமொழி:

தென்திசை அவர்கள் சொல்வது அமெரிக்காவைப் பொறுத்தவரை சரியே. ஆனால் அமெரிக்கக் கண்ணாடியை மட்டும் அணிந்து பார்த்தால் நாகயாமா எடுத்த முடிவுகள் பொருளற்றவையாகத் தோன்றும். ஜப்பானிலிருந்து பார்த்தால் அவற்றுக்கு வலுவான காரணம் இருந்தது.

ஜப்பானில் மெகா டிரைவ், சூப்பர் ஃபேமிகாமுக்கும் (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) என்இசி நிறுவனத்தின் பிசி எஞ்சினுக்கும் பின்னால் மூன்றாம் இடத்திலேயே இருந்தது. சாட்டர்ன் அங்கே நன்றாக விற்றது. ஆர்கேட் கூடங்களில் மக்கள் வரிசையில் நின்று ஆடிய ‘வர்ச்சுவா ஃபைட்டர்’ வீட்டுக்கு வந்துவிட்டது என்பதே போதுமான ஈர்ப்பாக இருந்தது. ஆகவே 1995-இன் பிற்பகுதியில் பழைய இயந்திரங்களை விட்டுவிட்டு சாட்டர்னில் மட்டும் கவனம் செலுத்துமாறு நாகயாமா உத்தரவிட்டதை ஜப்பானியச் சூழலில் யாரும் குறை சொல்ல முடியாது. அதே உத்தரவு அமெரிக்காவில் பெருங்கேடாயிற்று. அங்கே பதினாறு பிட் கேம்களுக்கு இன்னும் பெரிய சந்தை இருந்தது. 1994 நவம்பரில் வந்த ‘டாங்கி காங் கன்ட்ரி’யின் வலிமையால் நின்டெண்டோ அந்தச் சந்தையை அள்ளிக்கொண்டது. ஒரே உத்தரவு ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் ஆனதற்குக் காரணம், இரண்டு சந்தைகளும் ஒன்றுக்கொன்று நேரெதிராக வளர்ந்திருந்ததுதான். டோக்கியோவும் கலிபோர்னியாவும் பிணங்கிக்கொண்டன என்பதை ஆளுமைகளின் மோதலாகச் சித்திரிப்பவர்கள் இந்த அடிப்படையைத் தவறவிடுகிறார்கள்.

சாட்டர்னின் கட்டமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு எஸ்எச்-2 செயலிகளும் ஒரே பாதையில் நினைவகத்தை அணுக வேண்டியிருந்ததால், ஒன்று படிக்கும்போது மற்றொன்று காத்திருக்க நேர்ந்தது. படச் சிப்கள் இரண்டு. முப்பரிமாண உருவங்களைப் பிளேஸ்டேஷன் முக்கோணங்களால் கட்டியபோது சாட்டர்ன் நாற்கோணங்களால் கட்டியது. இவற்றையெல்லாம் வசப்படுத்தியவர்கள் 1995 இறுதியில் ‘வர்ச்சுவா ஃபைட்டர் 2’ போன்ற வியக்கத்தக்க கேமைத் தந்தார்கள். ஆனால் சேகாவுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த உழைப்பு கட்டுபடியாகவில்லை. சோனி கொடுத்த நிரல் நூலகங்களோடு பிளேஸ்டேஷனில் வேலை செய்வது அவர்களுக்கு எளிதாக இருந்தது. 1997 ஜனவரியில் ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ பிளேஸ்டேஷனில் வந்தபோது ஜப்பானிலும் தராசு சாய்ந்துவிட்டது. உலகெங்கும் சாட்டர்ன் 92 லட்சத்தைச் சற்றே தாண்டியது. பிளேஸ்டேஷன் பத்துக் கோடியைத் தாண்டியது.

நெடுவழி அளித்த மறுமொழி:

அமெரிக்காவும் ஜப்பானும் மட்டுமே பேசப்படுவதால் சிறிய இணைப்பு. மாஸ்டர் சிஸ்டம் தோற்ற கன்சோல் என்பது அந்த இரு நாடுகளுக்கே பொருந்தும். ஐரோப்பாவில் அது நின்டெண்டோவுக்கு நேர் நின்று போட்டியிட்டது. பிரேசிலிலோ அதன் வாழ்வு முடியவே இல்லை என்று சொல்லலாம். வெளிநாட்டு மின்னணுப் பொருள்கள் மீது பிரேசில் கடுமையான தடைகளை விதித்திருந்த காலத்தில், டெக்டாய் என்ற உள்ளூர் நிறுவனம் சேகாவிடம் உரிமம் பெற்று மனாவுஸ் நகரத்தின் சுங்கச் சலுகை மண்டலத்தில் கன்சோல்களைத் தயாரித்தது. ‘ஃபேன்டசி ஸ்டார்’ கேமைப் போர்த்துகீசிய மொழியில் தந்தது. ‘வொண்டர் பாய்’ வரிசையின் கேம் ஒன்றில் நாயகனை எடுத்துவிட்டு, பிரேசிலியக் குழந்தைகள் அனைவரும் அறிந்த மோனிக்கா என்ற படக்கதைச் சிறுமியை வைத்தது. ட்ரீம்காஸ்ட் மறைந்த பிறகும் அங்கே மாஸ்டர் சிஸ்டம் புதிய உறைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

இந்தியாவிலும் 1995-இல் ஷா வாலஸ் நிறுவனத்துடன் சேகா விநியோக ஒப்பந்தம் செய்தது. இறக்குமதி வரியின் சுமையைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆனாலும் மெகா டிரைவின் விலை 18,000 ரூபாயாக இருந்தது. அந்தக் காலத்தில் நடுத்தரக் குடும்பம் எதுவும் அதை எண்ணிப்பார்த்திருக்காது. நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைத்த ஃபேமிகாம் நகல்களோடு அதனால் போட்டியிட இயலவில்லை என்பதில் வியப்பில்லை.

வரகு மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கீழ்வானம் அவர்கள் சொன்ன, ஒரே உத்தரவுக்கு இரண்டு விளைவுகள் என்ற விளக்கம் எனக்குப் பல முடிச்சுகளை அவிழ்த்தது. எஞ்சியிருப்பது ட்ரீம்காஸ்ட். அது நல்ல இயந்திரம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். வட்டுகளை எளிதாக நகலெடுக்க முடிந்ததால்தான் அது வீழ்ந்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியா?

தென்திசை அளித்த மறுமொழி:

நகலெடுப்பு முதன்மைக் காரணமன்று என்றே நான் கருதுகிறேன். ட்ரீம்காஸ்டின் கேம்கள் ஜிடி-ரோம் என்ற ஏறத்தாழ 1 ஜிபி கொள்ளளவுள்ள தனி வகை வட்டில் வந்தன. அதைச் சாதாரண கணினியால் படிக்க இயலாது. ஆனால் இசை வட்டுகளில் கூடுதல் காட்சிகளைச் சேர்ப்பதற்காக வைக்கப்பட்ட மில்-சிடி என்ற வசதி, சாதாரண சிடியிலிருந்தும் இயந்திரத்தைத் தொடங்கவிட்டது. அந்த வாசல் வழியாக 2000-இன் நடுப்பகுதியில் நகல் வட்டுகள் பரவின. அதற்குள் சேகாவின் கருவூலம் ஏறக்குறைய வற்றியிருந்தது.

சாட்டர்ன் காலத்து நட்டம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தது. ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் வந்தபோது படச் சிப் போதிய அளவில் கிடைக்காததால், வாங்க வந்தவர்களுக்கே கொடுக்க முடியவில்லை. அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9 அன்று 199 டாலர் விலையில் மிகச் சிறப்பாகத் தொடங்கி, முதல் நாளிலேயே பத்துக் கோடி டாலருக்கு நெருங்கிய விற்பனையைக் கண்டது. இணையத்தில் சேர்வதற்கான மோடத்தை உள்ளேயே பொருத்தி விற்றது அக்கால நிலையில் துணிச்சலான செயல். ஆனால் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இந்த முறை கேம் தர மறுத்தது. விளையாட்டுப் போட்டிக் கேம்களால் ஜெனிசிஸை உயர்த்திய நிறுவனங்களுள் முதன்மையானது அது என்பதை மறக்கக் கூடாது. அந்த வெற்றிடத்தை நிரப்ப, விஷுவல் கான்செப்ட்ஸ் நிறுவனத்தை வாங்கி சேகா தானே விளையாட்டுக் கேம்களை உருவாக்கியது. 2000-இல் விலையை 149 டாலராகக் குறைத்தும் எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை.

பிளேஸ்டேஷன் 2-ஐப் பொறுத்தவரை, அதன் வன்பொருளின் வலிமையைவிட, பழைய பிளேஸ்டேஷன் வட்டுகளை அது அப்படியே ஓட்டியதையும் டிவிடி படங்களைக் காட்டியதையும் நான் பெரிதாக மதிப்பிடுகிறேன். மின்சுற்று அவர்கள் முதலில் விளக்கிய இணைப்பானை எண்ணிப் பாருங்கள். பழைய கேம்களைப் புதிய இயந்திரத்துக்குள் அழைத்துவரும் வழியை 1988-லேயே கண்டிருந்த சேகா, அடுத்த இரு தலைமுறைகளில் அதைக் கைவிட்டது. சோனி அதைக் கையிலெடுத்து, தன் வாடிக்கையாளர்களை விலகவிடாமல் காத்திருக்கச் செய்தது. அவர்கள் ட்ரீம்காஸ்ட் வாங்கவில்லை, காத்திருந்தார்கள்.

சேகாவின் தாய் நிறுவனமான சிஎஸ்கேயை நிறுவிய இசாவோ ஒகாவா, கன்சோலை நிறுத்துவது பற்றிய முடிவையொட்டித் தம்முடைய பங்குகளை, ஏறத்தாழ 70 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, சேகாவுக்குக் கொடையாக அளித்தார். தாம் கொடுத்திருந்த கடனையும் தள்ளுபடி செய்தார். 2001 மார்ச் 16 அன்று அவர் காலமானார். அந்தக் கொடை இல்லாதிருந்தால், கேம் மட்டும் எழுதும் நிறுவனமாகவேனும் சேகா நிலைத்திருக்குமா என்பது ஐயத்திற்குரியது.

மின்சுற்று அளித்த மறுமொழி:

மேலே உள்ளதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். 2001 மார்ச் மாதத்தோடு உற்பத்தி முடிவதாக அறிவிக்கப்பட்டாலும், ஜப்பானில் ட்ரீம்காஸ்டுக்கு உரிமம் பெற்ற புதிய கேம்கள் 2007 தொடக்கம் வரை வெளிவந்தன. நவோமி பலகைக்காக எழுதப்பட்ட விமானச் சுடு கேம்களைச் சிறிய நிறுவனங்கள் அதிகச் செலவின்றி ட்ரீம்காஸ்டுக்கு மாற்ற முடிந்ததே இதற்குக் காரணம். அவற்றுள் கடைசியாக வந்தவற்றில் ஒன்றான ‘கரோஸ்’, 2007 மார்ச்சில் வெளியானது. ஆர்கேட் கூடங்களில் நவோமி ஓடிக்கொண்டிருந்த வரையில் வீட்டில் இருந்த ட்ரீம்காஸ்டுக்கும் புதிய கேம் கிடைத்துவந்தது.